ஏ-யா, எஃப்-ஆ? ஜன்னலோர இருக்கை குறித்து ஓர் ஆய்வேடு

ஆய்வின் தேவை

விமானத்தில் எந்த ஜன்னலோரம் உட்கார்ந்தால் காட்சி நன்றாகத் தெரியும் என்னும் கேள்வி தமிழ் ஆய்வுலகில் உரிய கவனம் பெறாமல் போனது வருந்தத்தக்கது. எல்லா ஆய்வேடுகளும் இந்த வாக்கியத்தில்தான் தொடங்கும். உரிய கவனம் பெற்றுவிட்ட பொருளில் முனைவர் பட்டம் வாங்கியவர் யாரையும் நான் கண்டதில்லை.

நடைபாதையை ஒட்டிய இருக்கை இவ்வாய்வில் சேராது. அது கழிவறைக்கு அடிக்கடி போகிறவர்களின் துறை. நடு இருக்கையில் ஆய்வதற்கு ஒன்றுமில்லை. இரங்கல் தெரிவிக்கலாம்.

மேற்கோள்கள் பெரும்பாலும் வாய்மொழி மூலங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. மூலங்கள் அனைவரும் உயிரோடு இருப்பதாலும், உறவினர்களாக இருப்பதாலும், பெயரைப் போட்டால் பொங்கலுக்கு வீட்டுக்கு வரமாட்டார்கள் என்பதாலும், உறவுமுறை மட்டும் சுட்டப்படுகிறது.

வாசகர் ஆவலோடு எதிர்பார்க்கும் ஐந்திணைப் பகுப்பும் இங்கே இராது. மலை தெரிந்தால் குறிஞ்சி, கடல் தெரிந்தால் நெய்தல், இறக்கை மட்டும் தெரிந்தால் பாலை என்று ஒரே சாயங்காலத்தில் எழுதி முடித்துவிடலாம். அதனாலேயே விட்டுவிட்டேன். திணை பார்க்கப்படாத பொருள் ஏதாவது தமிழில் இன்னும் மிச்சமிருந்தால் அதைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

முன்னோர் கண்ட ஜன்னல்

வானூர்தி பற்றித் தமிழ் மேடையில் பேசுகிறவர் புறநானூற்றின் 27-ஆம் பாட்டைச் சொல்லாமல் கீழே இறங்க முடியாது. சோழன் நலங்கிள்ளிக்கு உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியது. ஓட்டுகிறவன் இல்லாமலே போகும் ஊர்தி ஒன்று அதில் வருகிறது. ஆளில்லா விமானத்தைத் தமிழன் அன்றே கண்டுவிட்டான் என்று பேச்சாளர் சொல்வார், கைதட்டல் எழும். அந்த ஊர்தியில் ஏறத் தகுதி என்ன என்பதையும் அதே பாட்டு சொல்கிறது. புலவர் பாடும் புகழ் வேண்டும். செய்யவேண்டிய வினைகளையெல்லாம் செய்து முடித்திருக்கவும் வேண்டும். சுருங்கச் சொன்னால், செத்துப்போயிருக்க வேண்டும். இந்த வகுப்புப் பயணிக்கு ஏ வேண்டுமா எஃப் வேண்டுமா என்று உரைகாரர் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்திருக்காது.

சீவக சிந்தாமணியின் மயிற்பொறி இதைவிடத் தெளிவான சான்று. சச்சந்தன் கருவுற்ற விசயைக்காகச் செய்வித்தது. ஒரே இருக்கை. எல்லாப் பக்கமும் வெளி. பக்கத்தில் முழங்கை இல்லை, முன்னால் சாயும் முதுகு இல்லை. இன்றுவரை எந்த நிறுவனமும் விற்காத இருக்கை அது. இறங்கிய இடம் மட்டும் சுடுகாடு. வழியில் காட்சி நன்றாக அமைந்தால் போய்ச் சேரும் இடம் நன்றாக அமையாது என்ற பொதுவிதியைத் திருத்தக்கதேவரிடமிருந்தே பெறுகிறோம். பெங்களூரு விமான நிலையத்தில் இறங்கி ஊருக்குள் போக முயன்றவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

ஆனால் மூலச் சான்று வடமொழியில் இருக்கிறது. இலங்கையிலிருந்து அயோத்திக்குப் புட்பக விமானத்தில் திரும்பும்போது, கீழே தெரிவதையெல்லாம் இராமன் சீதைக்குக் காட்டிக்கொண்டே வருகிறான். இதற்காகக் காளிதாசன் இரகுவம்சத்தின் 13-ஆம் சருக்கத்தை ஏறக்குறைய முழுவதும் கொடுத்துவிட்டான். கடல், சேது, கோதாவரி, சித்திரகூடம் என்று எல்லாவற்றுக்கும் விளக்கம். பக்கத்து இருக்கைக்காரர் நிறுத்தாமல் விவரித்துக்கொண்டு வரும் மரபு எவ்வளவு பழையது என்பதற்கு இதற்கு மேல் ஆதாரம் வேண்டாம்.

யார் ஜன்னலோரம் இருந்தது என்பதிலும் ஐயமில்லை. அந்தச் சருக்கத்தில் ஓரிடத்தில் சீதை ஆசையோடு சாளரத்துக்கு வெளியே கையை நீட்டி மேகத்தைத் தொடுகிறாள். மின்னல் அவள் கையில் இன்னொரு வளையலாகிறது. ஆகவே ஜன்னலோரம் சீதை, அடுத்து இராமன். அவன் அவளைத் தாண்டி விரலை நீட்டித்தான் சேதுவைக் காட்டியிருக்க வேண்டும். இதுவரை சரி. நீட்டியது எந்தக் கை?

இங்கேதான் கவி ஏமாற்றிவிட்டான். விமானம் வடக்கே போகிறது. வலக்கையை நீட்டியிருந்தால் கிழக்குச் சன்னல், இன்றைய எஃப். இடக்கை என்றால் மேற்கு, ஏ. அன்புள்ள மனைவி கணவனுக்கு இடப்பக்கம் அமர்வதே முறை, ஆகவே இடச்சன்னல், ஆகவே ஏ என்பது பெரியப்பா துணிபு (பெரியப்பா, வாய்மொழி). சேது காலுக்கு நேர்கீழே வந்திருக்கும், இரண்டு பக்கமும் தெரிந்திருக்காது, இராமன் சும்மா சொல்லியிருப்பான் என்கிறார் மைத்துனர் (மைத்துனர், வாட்ஸாப் குரல்பதிவு, முதல் நிமிடம் மட்டும் கேட்கப்பட்டது). இது தெய்வ நிந்தனை என்பது பெரியப்பாவின் மறுப்பு (பெரியப்பா, மேலது, குரலை உயர்த்தி). விஷயம் நிலுவையில் இருக்கிறது.

எழுத்து

விமானத்தின் மூக்கைப் பார்த்து நின்றால் ஏ எப்போதும் இடக்கைப் பக்கம். ஒற்றை நடைபாதை விமானத்தில் வலக்கடைசி எஃப். பெரிய விமானத்தில் எழுத்து கே வரை போகும், ஆனால் நடுவில் ஐ இருக்காது. அது ஒன்று என்ற எண்ணோடு குழம்பும் என்பதால் எடுத்துவிட்டார்கள். ‘நான்’ என்ற ஒரே எழுத்தை விமானத்திலிருந்து நீக்கியது எவ்வளவு பெரிய தத்துவம் என்று இங்கே நான்கு பக்கம் எழுத இடமிருக்கிறது. எழுதவில்லை.

இறக்கை

இறக்கைக்கு மேல் உட்காரக்கூடாது.

இறக்கைக்குப் பின்

உட்காரலாம், ஆனால் என்ஜினின் சூடான புகைக்காற்று வழியாகப் பார்க்கவேண்டியிருப்பதால் ஊரெல்லாம் நெளியும்.

இருக்கைக்கும் ஜன்னலுக்கும் உள்ள பொருத்தமின்மை அல்லது மூன்றுக்கு நான்கு

இந்த இயலே ஆய்வேட்டின் உயிர்நிலை. நெறியாளர் இதைச் சுருக்கச் சொன்னார். அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்.

ஜன்னலோர இருக்கை என்று காசு கொடுத்து வாங்கினால் தலைக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல் இருக்கும் என்று நம்புவது பாமர வழக்கம். ஜன்னலை வைப்பது விமானத்தைக் கட்டுகிறவர். இருக்கையைப் போடச் சொல்வது அதை வாங்கி ஓட்டுகிற நிறுவனம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கலந்துகொண்டு செய்வதில்லை. ஏர்பஸ் ஏ320-இன் உடல் விலா எலும்பு போன்ற வளையங்களால் ஆனது. 21 அங்குலத்துக்கு ஒரு வளையம். இரண்டு வளையங்களுக்கு நடுவில்தான் ஜன்னல் வெட்டலாம். ஆகவே ஜன்னலும் 21 அங்குலத்துக்கு ஒன்று. அதில் யாரும் கைவைக்க முடியாது. இருக்கை வரிசைகளுக்கு இடையிலான தூரம் அப்படியல்ல. அது நிறுவனத்தின் கருணையைப் பொறுத்தது. கருணை 28 அங்குலம்வரை இறங்கும். 30 கொடுத்தால் காலை நீட்டிப் படுத்த மாதிரி.

இனி ஆய்வின் கண்டுபிடிப்பு. இருபத்தொன்றை நான்கால் பெருக்கினால் 84. இருபத்தெட்டை மூன்றால் பெருக்கினாலும் 84. மூன்று இருக்கை கடப்பதற்குள் நான்கு ஜன்னல் கடந்துவிடுகிறது. லயம் தெரிந்தவர்கள் இந்நேரம் தொடையில் தட்டத் தொடங்கியிருப்பார்கள். சதுஸ்ரமாக ஓடும் ஜன்னல்கள் மேல் திஸ்ரமாக இருக்கைகள் விழுகின்றன. 84 அங்குலத்துக்கு ஒருமுறை இரண்டும் சமத்தில் சேருகின்றன. சமத்தில் விழும் வரிசைக்காரருக்குக் கண்ணுக்கு நேரே ஜன்னல். அவருக்கு அடுத்த பின்வரிசைக்காரருக்கு ஜன்னல் 7 அங்குலம் முன்னால். சற்றே குனிந்தால் உலகம் தெரியும், ஆனால் முன்னிருக்கை சாயாதவரைதான். அதற்கும் அடுத்தவருக்கு ஜன்னல் 7 அங்குலம் பின்னால். அவர் மதுரை போய்ச் சேரும்போது கழுத்து சென்னையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

30 அங்குலம் தரும் நிறுவனங்களில் கணக்கு மாறுகிறது. பத்து ஜன்னலுக்கு ஏழு இருக்கை. இது மிஸ்ரம், கேட்க நன்றாக இருந்தாலும் உட்கார ஏழில் ஒருவருக்குத்தான் முழு ஜன்னல். 29 அங்குலம் வைப்பவர்களைப் பற்றிச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இருபத்தொன்பதும் இருபத்தொன்றும் எதிலும் ஒன்றோடொன்று வகுபடாதவை. 21 வரிசைகளுக்கு ஒருமுறைதான் சமம். அந்த விமானத்தில் கணக்கு வழக்கு பார்த்து இருக்கை தேர்வதற்குள் கதவை மூடிவிடுவார்கள்.

சமம் எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறது என்பதில் இரண்டு கொள்கைகள் உண்டு. விமானத்தின் தலை முன்னால் இருப்பதால் முதல் வரிசையிலிருந்துதான் எண்ணவேண்டும் என்பது தலைக்கொள்கை (பெரியப்பா, காலைநடைச் சொற்பொழிவு). பின்கதவு வழியாக ஏறுகிறவனுக்குக் கடைசி வரிசைதான் முதல் வரிசை என்பது வாற்கொள்கை (மைத்துனர், ‘பெரியப்பாவின் பிழைகள்: ஒரு நட்பான பார்வை’, காதுகுத்து விழா, இரண்டாம் பந்தி, ஏழாவது இலை, பாயசத்துக்கும் மோருக்கும் இடையில், மறுபதிப்பு, மண்டபத்துக் கார் நிறுத்துமிடம்). இருவரும் ஒன்றை மறந்துவிட்டார்கள். நடுவில் அவசரவழி வரிசை வருகிறது. அங்கே இடைவெளி அகலமாகிவிடுவதால் தாளம் அறுந்து, அதற்குப் பின் எடுப்பு புதிது. எனவே ஒரே விமானத்துக்குள் குறைந்தது இரண்டு கச்சேரி நடக்கிறது என்பது என் துணிபு. இதை ஏற்காதவரும் உளர் (பின்னிருக்கைக்காரர், ‘கொஞ்சம் நேரா உட்காருங்க சார்’, முனகல், திருத்தமும் விரிவும் பெற்ற ஐந்தாம் பதிப்பு, என் முதுகில் முழங்காலால் அச்சேற்றப்பட்டது, அணிந்துரை, அவர் மனைவி).

தாளத்தில் ஓசையில்லாமல் கையை வீசும் இடம்போல, இருக்கை இருந்து ஜன்னல் இல்லாத இடமும் உண்டு. போயிங் 737 வகை விமானங்களில் குளிர்காற்றைக் கீழிருந்து கூரைக்குக் கொண்டுபோகும் குழாய் சுவருக்குள்ளேயே ஏறுகிறது. அது ஏறும் இடத்தில் ஜன்னல் வைக்க வழியில்லை. வெறும் பிளாஸ்டிக் சுவர். அங்கேயும் இருக்கையின் பெயர் ஜன்னலோர இருக்கைதான். இப்படி ஜன்னலில்லாத ஜன்னலிருக்கைக்குக் கூடுதல் காசு வாங்கினார்கள் என்று 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் டெல்டா, யுனைடெட் இரண்டு நிறுவனங்கள் மீதும் பயணிகள் வழக்குப் போட்டார்கள். நம் ஊரில் இதற்கெல்லாம் வழக்கு வராது. ‘சுவர்லயே சாஞ்சு தூங்கலாம், நல்லதுதானே’ என்பது தமிழ் நீதி (பெரியம்மா, அடுக்களையிலிருந்து, கேட்கப்படாமலே).

இந்த இயலை ஒரு கருத்தரங்கில் படித்தேன். மதிய உணவுக்குப் பிந்தைய அமர்வு. ஆளுக்கு ஐந்து நிமிடம். அதில் மூன்று நிமிடம் மேடையில் இருப்பவர்களின் பெயரைச் சொல்லி வணங்குவதில் போய்விட்டது. மீதி இரண்டில் 21-ஐ நான்கால் பெருக்கும்போதே மணி அடித்துவிட்டார்கள். பங்கேற்புச் சான்றிதழ் தந்தார்கள். கட்டணம் கட்டியவர் கட்டுரைகளெல்லாம் பன்னாட்டுத் தரநூல் எண்ணோடு தலையணைத் தடிமனில் தொகுப்பாக வந்தன. தொகுத்தவரும் படித்திருக்கமாட்டார் என்பதற்கு என் கட்டுரையின் நடுவில் வேறு ஒருவருடைய சிலப்பதிகாரக் கட்டுரை எட்டுப் பக்கம் ஓடுவதே சான்று. கண்ணகி மதுரைக்கு ஜன்னலோரம் வந்ததாக இனி யாராவது மேற்கோள் காட்டினால் பொறுப்பு என்னுடையதல்ல.

ஜன்னலின் வடிவம் பற்றி

ஒன்றைச் சொல்லியாகவேண்டும். 1954-இல் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் உடைந்தன. ஜனவரியில் எல்பா தீவருகே ஒன்று, ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகே இன்னொன்று. காரணம் சதுர ஜன்னல், அதனால்தான் இப்போது ஜன்னலெல்லாம் மூலை வளைந்திருக்கின்றன என்று சொல்லாத பொறியியல் ஆசிரியர் இல்லை. திறப்புகளின் மூலையில் இழுவிசை குவிந்து உலோகம் களைத்து விரிந்தது உண்மை. ஆனால் எல்பா கடலிலிருந்து எடுத்த உடலில் விரிசல் தொடங்கிய இடம் பயணி எட்டிப்பார்க்கும் ஜன்னலே அல்ல. வானொலி அலைவாங்கிக்காகக் கூரையில் வெட்டிய திறப்பின் மூலை. விசாரணை அறிக்கையைப் பார்த்தவர் ஒருவர், அவரைப் பார்த்தவர் நூறு பேர். பாடநூல்கள் இப்படித்தான் எழுதப்படுகின்றன.

கண்ணாடியின் அடியில் ஒரு சின்னத் துளை தெரிகிறதே என்று விரலால் அடைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அடைக்க முடியாது. அது உள்பக்கத்துக் கண்ணாடியில் இல்லை. அதற்கு அப்பாலுள்ள நடுக் கண்ணாடியில் இருக்கிறது. அறையின் காற்றழுத்தம் வெளிக் கண்ணாடி மேல் விழுவதற்காக வைத்த வழி.

சூரியன்

வெயில் விழும் பக்கம் உட்கார்ந்தால் கண் கூசும், கீழே எல்லாம் வெள்ளையாக மங்கும். ஆகவே வெயிலுக்கு எதிர்ப்பக்கம் உட்காரவேண்டும். காலையில் தில்லிக்குப் போகிறவர் இடப்பக்கம், மாலையில் போகிறவர் வலப்பக்கம். இவ்வளவுதான் விஷயம். ஆனால் ஆங்கிலத்தில் இதை எழுதுகிறவர்கள், நண்பகலில் சூரியன் தெற்கே நிற்கும், ஆகவே கிழக்கு மேற்காகப் போனால் வடச்சன்னலைப் பிடி என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அவர்கள் ஊரில் சூரியன் தெற்கேதான் நிற்கும். சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசிவாக்கில் சூரியன் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போய், ஆகஸ்ட் நடுவில்தான் திரும்பி வருகிறது. அந்த மூன்றரை மாதத்துக்கும் மேல் நம் நண்பகல் சூரியன் வடக்கே. லண்டனில் எழுதிய விதியை அப்படியே தமிழில் பெயர்த்து விற்பனைக்கு வைக்கும் கோட்பாட்டாளர்கள் இதைக் கவனிக்கவேண்டும் என்று மேற்கொண்டு காரசாரமாக எழுதியிருந்தேன். பிறகு உச்சிக்கு அருகே நிற்கும் சூரியன் எந்தச் சன்னலுக்குள்ளும் வராது என்று ஒரு மாணவி சுட்டிக்காட்டினாள். அந்தப் பகுதி பிற்சேர்க்கைக்கு மாற்றப்பட்டது, பிற்சேர்க்கை அச்சாகவில்லை.

வெயிலுக்கு எதிர்ப்பக்கம் உட்கார இன்னொரு காரணமும் உண்டு. கீழே மேகம் படர்ந்திருந்தால் விமானத்தின் நிழல் அதன்மேல் ஓடும். நிழலைச் சுற்றி வானவில் நிறத்தில் வளையங்கள் தோன்றும். மேகத்திலுள்ள நுண்துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் வருவது. இதில் விசேஷம், வளையத்தின் மையம் பார்ப்பவரின் கண்ணுக்கு நேர் எதிரே, சூரியனுக்கு எதிர்த்திசையில் விழுகிறது. மூன்றாம் வரிசைக்காரருக்கு மூன்றாம் வரிசையின் நிழலைச் சுற்றி ஒளிவட்டம். இருபதாம் வரிசைக்காரருக்கு இருபதைச் சுற்றி. ஒவ்வொருவருக்கும் தன்னைச் சுற்றி மட்டுமே தெரியும். பல்கலைக்கழகத் துறைக்கூட்டங்களில் அமர்ந்து பழகியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது.

இமயம்

தில்லியிலிருந்து பாக்டோக்ரா, காட்மாண்டு, பாரோ எங்கே போனாலும் இடப்பக்கம். திரும்பி வரும்போது வலப்பக்கம். 8,848.86 மீட்டர் உயரத்தில் ஒன்றும் 8,586 மீட்டரில் இன்னொன்றும் வடக்கே வரிசையாக நிற்கும்போது இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. கருத்து வேறுபாடு இல்லாத இடத்தில் ஆய்வாளனுக்கு வேலையில்லை. மேலே செல்வோம்.

சென்னை–மதுரை: வலங்கையும் இடங்கையும்

1707-இல் தாமஸ் பிட் கவர்னராக இருந்தபோது சென்னையில் வலங்கையாரும் இடங்கையாரும் எந்தத் தெருவில் யார் கலியாண ஊர்வலம் போவது என்று மோதிக்கொண்டார்கள். மூன்று நூற்றாண்டு கழித்து அதே பிளவு சென்னை–மதுரை வானத்தில் மீண்டும் தலையெடுக்கிறது.

வரைபடத்தில் மீனம்பாக்கத்தையும் மதுரை விமான நிலையத்தையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். கோடு ஏறக்குறைய திருச்சி விமான நிலையத்தின் மேலேயே போகும். அது காலுக்குக் கீழே வருவதால் எந்தப் பக்கத்தாருக்கும் தெரியாது, நட்டமில்லை. ஆனால் காவிரி இந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டுகிறது. முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து, நடுவில் ஸ்ரீரங்கத்தைத் தீவாக விட்டு, கல்லணையருகே மறுபடி நெருங்கி வருகின்றன. முக்கொம்பும் ஸ்ரீரங்கமும் கோட்டுக்கு மேற்கே. கல்லணை கிழக்கே. அதாவது எஃப்-இல் உட்கார்ந்தால் அரங்கன். ஏ-யில் உட்கார்ந்தால் கரிகாலன். ஒரே டிக்கெட்டில் இரண்டும் கிடையாது.

எஃப் கட்சியின் வாதம் வலுவானது. காலை விமானமென்றால் வெயில் இடப்பக்கம்; வலப்பக்கம் கண் கூசாது. அப்பக்கம் கல்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்று வரிசையாக வருகின்றன. ஸ்ரீரங்கத்தின் மதில்கள் ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு செவ்வகங்கள். தரையில் நின்று சுற்றியவருக்கு அது தெரு, கடை, தேர்முட்டி. மேலிருந்து பார்த்தால்தான் யாரோ ஒருவர் அளவுகோல் வைத்து வரைந்தது என்று புரிகிறது. தெற்கு ராஜகோபுரம் 1987-இல் 236 அடிக்குக் கட்டி முடிக்கப்பட்டது. வானத்திலிருந்து அதன் உயரம் தெரியாது. நிழல் தெரியும், காலையில் நீளமாக.

ஏ கட்சியிடம் மலை கிடையாது. அவர்களிடம் இருப்பது டெல்டா. திருச்சிக்குக் கிழக்கே காவிரி கைவிரித்துப் பிரிகிறது. வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பிரிந்து பிரிந்து, கடைசியில் எது ஆறு, எது வாய்க்கால், எது வயல் என்று சொல்ல முடியாமல் பச்சையில் கரைகிறது. வெயில் எதிரே இருப்பதால் கண் கூசும் என்று எஃப் கட்சியார் கேலி செய்வார்கள். எதிர்வெயில் இருந்தால்தான் தண்ணீர் பளபளக்கும் என்று ஏ கட்சி பதில் சொல்லும். நடவு நேரத்தில் நீர் கட்டி நிற்கும் வயல்கள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு மின்னி அணையும். நான் எஃப் கட்சி. ஆனால் இந்த ஒரு வாதத்துக்கு எங்களிடம் பதில் இல்லை.

ஏடிஆர் விமானம் வந்தால் பேச்சே வேறு. அதற்கு இறக்கை தலைக்கு மேலே. எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் கீழே மறைக்க இறக்கை கிடையாது. ஜெட்டைவிடத் தாழப் பறப்பதால் லாரி, ஏரிக்கரை, சுடுகாட்டுப் புகைவரை தெரியும். ‘இது என்ன, பஸ் மாதிரி இருக்கு’ என்று முகம் சுளிப்பவர்கள் இந்த ஆய்வுக்குத் தகுதியற்றவர்கள்.

மிக உயரத்தில் போகிறவர்களுக்கு ஒரு செய்தி: 35,000 அடியில் தொடுவானம் ஏறக்குறைய 370 கிலோமீட்டர் தூரத்தில். ஆகவே திருச்சிக்கு மேல் பறக்கும்போது இடப்பக்கம் வங்கக் கடலும் வலப்பக்கம் அரபிக் கடலும் கணக்குப்படி தெரியவேண்டும். தெரியாது. தூசு மங்கல் விடாது. கணக்கு சரியாகவும் காட்சி தவறாகவும் இருக்கும்போது காட்சியைத் திருத்துவதே ஆய்வு மரபு (மைத்துனர், தனிப்பட்ட கடிதம்; எனக்கு எழுதியதல்ல, பெரியப்பாவுக்கு எழுதியது; பெரியம்மா பிரித்துப் படித்து, தொலைபேசியில் சொன்னது; இடையில் குக்கர் விசில் மூன்று).

மீனம்பாக்கத்தில் இறங்குதல்

காற்றை எதிர்த்துத்தான் விமானம் இறங்கும். ஆகவே எந்த இருக்கை என்பதைப் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லலாம். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசும் காலத்தில் பெரும்பாலும் கடல்பக்கமிருந்து சாந்தோம், அடையாறு வழியாக வருவார்கள். வலப்பக்கம் மெரினா, இடப்பக்கம் அடையாறு முகத்துவாரமும் கிண்டிக் காடும். கடைசி நொடியில் வலப்பக்கம் பரங்கிமலை எழும்பும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று திரும்பிவிட்டால் மேற்கே இருந்து வருவார்கள். இடப்பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி. அது எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று 2015 வெள்ளத்துக்குப் பிறகு எல்லோரும் இடச்சன்னலில் எட்டிப்பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் அப்போது யாரும் செல்போனைப் பார்ப்பதில்லை.

வாய்மொழித் தேர்வு

புறத்தேர்வாளர் மதுரையிலிருந்து வந்திருந்தார். ஆய்வேட்டை வலக்கையால் எடுத்து, கனத்தைப் பார்த்து, இடக்கைக்கு மாற்றி, மேசையில் வைத்தார். நூற்றிருபதாம் பக்கத்தில் ‘மேலது’ என்று இருக்கிறது, ‘மேற்படி’ என்று இருக்கவேண்டும் என்றார். குறித்துக்கொண்டேன். பார்வையாளர் வரிசையிலிருந்து பெரியப்பா கைதூக்கினார். நேரமில்லை என்று உட்காரவைத்தார்கள். பிறகு தேர்வாளர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“தம்பி, நான் இன்னைக்கே ஊருக்குத் திரும்புறேன். எந்தப் பக்கம் போடட்டும்?”

“எத்தனை மணி ஃபிளைட்டுங்கய்யா?”

“ராத்திரி எட்டரை.”

இரவுப் பயணம் ஆய்வின் எல்லைக்குள் வரவில்லை என்று சொன்னேன். எல்லையைத் தெளிவாக வரையறுத்திருப்பதாகப் பாராட்டி, சிறு திருத்தங்களுடன் ஏற்கலாம் என்று கையெழுத்துப் போட்டார். சீட்டை அவர் மகன் ஏற்கெனவே போட்டிருந்தானாம். 12 பி.